பூதத்துக்குக் கட்டின தூளி

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சு. காலை உதறாம படுடி, அப்பதான் சொல்லுவேன். கடலோரத்து ஊரு அது. பூதம்னா நம்ம வீட்டு ஒசரம். ராத்திரியெல்லாம் ஊர் சுத்தும், பகலெல்லாம் ஒரு ஆலமரத்துல சாஞ்சு தூங்கும். யாரையும் ஒண்ணும் பண்ணாது, பாவம். ஒருநா அடிச்ச காத்துல அந்த மரம் படார்னு சாஞ்சு போச்சு. அப்புறம் பூதத்துக்குத் தூக்கமே இல்லை.

"ம்."

தூக்கம் கெட்டா உனக்கே எம்புட்டுக் கோவம் வருது? பூதத்துக்கு வராதா? நேரா வந்து ஊர்க் கிணத்து மேல தொம்முனு உக்காந்துக்கிச்சு. "என்னைத் தூங்க வைங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது!" அந்த ஊர்ல இருந்ததே அந்த ஒரு நல்ல தண்ணிக் கிணறுதான். மாடத்தின்னு ஒருத்தி, இடுப்புல ஒரு வயசுப் புள்ள. "என் புள்ளைக்கு நாக்கு நனைக்கத் தண்ணி இல்லையே"ன்னு அழுதா.

அப்போ ஊர்க்காரங்க பெரிய கயித்துக் கட்டில் ஒண்ணு பின்னிக் கொண்டாந்தாங்க. பூதம் ஏறிப் படுத்துச்சு. மொதல்ல கிறீச்னுச்சு, அப்புறம் மடார்! கயிறெல்லாம் அந்து கட்டில் நாலாப் போச்சு.

அப்புறம் கப்பல்ல வந்த ஒரு வெளிநாட்டு மாலுமி, "எங்க கப்பல்ல கட்டிலே கிடையாது, கயித்து வலையை ரெண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டு அதுலதான் தூங்குவோம்"னான். சரின்னு கட்டினாங்க. பூதம் படுத்துச்சு. வலைக் கண்ணு வழியா அதோட பின்பக்கம் பொதபொதன்னு வெளிய வந்துருச்சு. கட்டெறும்பு சுருக்குனு கடிச்சிருச்சு! சிரிக்காதடி, வந்த தூக்கம் போயிரும்.

"ம்."

அப்போ மாடத்தி, "கட்டிலும் வேணாம், வலையும் வேணாம், தூளி கட்டுவோம்"னா. மாலுமிகிட்ட கப்பல் பாயை வாங்கி, கிணத்தடியில ரெண்டு புளியமரத்துக்கு நடுவுல தூளி கட்டினாங்க. ஆட்டுறதுக்குக் கயிறு வேணுமே? தேர் வடத்தைக் கொண்டாந்து கட்டிட்டாங்க. அங்கதான் வந்துச்சு வினை. தேர் வடத்தைத் தொட்டா நம்ம ஆளுங்க கை சும்மா இருக்குமா? ஊரே சேந்து புடிச்சு, "இழு! இழு! இழு!"ன்னு கத்தி, ஒரே இழுப்பு. சொய்ங்...! பூதம் பறந்து போய்க் கடல்ல தொபுக்கடீர்னு விழுந்துச்சு.

சொட்டச் சொட்ட நனைஞ்சு திரும்பி வந்துச்சு. கோவமா வரலை, அழுதுகிட்டே வந்துச்சு. "என்னை மெதுவா ஆட்ட யாருமே இல்லை"ன்னுச்சு. மாடத்திக்கு மனசு கேக்கலை. எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னா. தன் புள்ளையோட தூளிக் கயித்தை அவுத்துட்டு வந்து கட்டி, நுனியைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டா. கீரை ஆயும்போது நாங்கல்லாம் அப்படித்தான் புள்ளைய ஆட்டுவோம். மெதுவா ஒரு இழுப்பு. மெதுவா விட்டா.

பூதம் ஒரு கண்ணைத் தொறந்து, "அந்தப் பக்கம் இருக்கியா?"ன்னுச்சு.

"இருக்கேன், தூங்கு."

கொர்ர்ர்...

ஆனா கால் நின்னா பூதம் முழிச்சுக்குது. மடியில புள்ளை தண்ணிக்கு அழுவுது. என்ன பண்ணுவா? விரல்ல இருந்த நுனியைக் கழட்டி, கிணத்து வாளிக் கயித்துல கட்டிட்டா! வாளியை இறக்கினா தூளி அந்தப் பக்கம், தூக்கினா இந்தப் பக்கம். மொத வாளித் தண்ணியில புள்ளை வாயை நனைச்சா. அது சிரிச்சுது பாரு, அவளுக்கு உசுரே திரும்பி வந்துச்சு.

அப்புறம் தெனமும் பகல்ல ஒருத்தி மாத்தி ஒருத்தி தண்ணி எறைச்சாங்க. பூதம் "இருக்கியா?"ன்னு முனங்கும். எறைக்கிறவ யாரா இருந்தாலும், "இருக்கேன், தூங்கு"ம்பா. ஒருநா மழை பேஞ்சு எல்லாரு வீட்டுப் பானையும் நெறைஞ்சுருச்சு, கிணத்தடிக்கு யாருமே வரலை. ஒரு சொட்டுத் தண்ணி தரமாட்டேன்னு உக்காந்த அதே பூதம், காலி வாளியைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போய், "அக்கா, ஒரு வாளியாச்சும் எடுத்துக்கோங்கக்கா"ன்னு கெஞ்சுச்சாம்!

வாளியும் நெறைஞ்சாச்சு, பூதமும் அசந்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.