முட்டைக்கு முன்னால் இருந்த புல்

1936 ஆகஸ்ட் 14, காலை ஆறு மணி. முள்ளிக்கரட்டுப் புல்வெளியில் எஞ்சியிருந்த கானமயில்கள் இரண்டு. பத்துக் கெஜம் தள்ளி, கோணிக் கூடாரத்துக்குள் கேமராவுடன் காத்திருந்தவர் பெயர் வேதாசலம். வயது ஐம்பத்தாறு. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பறவை பார்க்க வந்தவர்.

அவருடைய குரு அருளானந்தம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் அருங்காட்சியகங்களுக்காகப் பறவைகளைச் சுட்டுப் பஞ்சடைத்துக் கொடுத்தவர். பிறகு துப்பாக்கியை விற்றுக் கேமரா வாங்கினார்.

புல்வெளியைக் கடலை போடப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தடுக்கச் சொல்லி வேதாசலம் கலெக்டரிடம் போனார்.

"அங்கே பறவை முட்டையிடுகிறது என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாரும்" என்றார் கலெக்டர்.

கானமயில் தரையில் வாழும் பெரிய பறவை; கூடு கட்டாது. வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை இடும். இங்கே இட்டிருந்த முட்டையைச் சுற்றி நின்ற புல் கேமராவுக்கு மறைத்தது.

"புல்லை நூலால கட்டி ஒதுக்குங்க. படம் எடுத்ததும் அவிழ்த்து விட்டுருங்க. அறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அருளானந்தம் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

முதல் நாள் வேதாசலம் அப்படித்தான் செய்தார். படத் தகட்டைக் கழுவிப் பார்த்தால் முட்டைமேல் நிழல் விழுந்திருந்தது. நூலும் தெரிந்தது.

இன்று, பெட்டை மேயப் போனதும், அரிவாளுடன் போய் நாலு பிடிப் புல்லை அறுத்தார். பெட்டை திரும்பி வந்தது. தயங்கியது. முட்டையைக் குனிந்து பார்த்தது. அந்த நொடியில் படம் எடுத்தார்.

மாலையில் கண்ணாடித் தகட்டைக் குருவிடம் காட்டினார்.

"பாருங்க குருவே! கலெக்டர் என்ன, கவர்னரே எழுந்து நிப்பாரு."

அருளானந்தம் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இறகை எண்ணலாம் போலிருக்குது. நூல் எங்கீங்க?"

வேதாசலம் இடுப்பில் செருகியிருந்த அரிவாளைப் பார்த்தார். அருளானந்தம் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

விடிந்ததும் இருவரும் போனார்கள். உடைந்த முட்டையோட்டில் எறும்பு மொய்த்தது. வேலமரத்தில் ஒரு காகம் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பெட்டையைக் காணோம்.

"நாலு பிடிப் புல்லுதானுங்களே. அதுக்கு இப்படியா?"

"அந்த இடத்துல உட்காருங்க வக்கீலய்யா."

"ஈரமா இருக்குதுங்க."

"கோர்ட்டுல மெத்தை போட்டா உட்கார்ந்தீங்க? உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"என்ன தெரியுது?"

"கூடாரம். வண்டிப்பாதை. வேலமரம். மேல அந்தப் பாழாப் போன காக்கா. எல்லாமே தெரியுது."

"அதுக்கெல்லாம் நீங்க தெரியறீங்க."

வேதாசலம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நான் சுடலீங்களே. படம்தானே எடுத்தேன்."

"சுட்டாச் சத்தம் கேக்கும். ஒண்ணு விழுந்தாலும் மத்தது பறந்து தப்பிச்சுக்கும்."

பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். பெட்டை வரவில்லை. ஆண் பறவை தூரத்தில் ஒருமுறை தெரிந்தது. வடக்கே பறந்து போனது.

"தகட்டை உடைச்சுப் போடட்டுங்களா?"

"உடைச்சா ஓடு ஒட்டிக்குமா?"

"கலெக்டர்கிட்டக் குடுத்தாப் பொய்ச்சாட்சி ஆயிடாதுங்களா? இங்கதான் ஒண்ணுமே இல்லியே."

"நிலம் இருக்குது. குடுங்க."

"படத்துக்கு அடியில என்னன்னு எழுதறது?"

அருளானந்தம் கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நேத்துத் தேதி போடுங்க" என்றார்.

1938 பிப்ரவரி 11 அன்று முள்ளிக்கரட்டில் உழவு தடை செய்யப்பட்டது. அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் இருந்தது. அந்த ஆண்டு அங்கே கானமயில் இல்லை.