இஞ்ஞாசியின் அழுக்குப்படாத கால்

கேளுங்கள் மக்களே, கேட்கும்போது கொட்டாவி விடாதீர்கள்! கோவிலுக்கு மணி வருவதற்கும் முந்தி, பலகையைத் தட்டி ஊரைப் பூசைக்குக் கூப்பிட்ட காலம். கருவக்குளத்தில் இஞ்ஞாசி என்று ஓர் எண்ணெய் வியாபாரி இருந்தார்.

அந்த ஊரில் பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவிவிடுவார், சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல. போன வருசம் இஞ்ஞாசியின் காலைக் கழுவியதும் தாம்பாளத் தண்ணீர் கறுத்துப்போனது. கோவிலே கொல்லென்று சிரித்தது. மனுசனுக்கு மானம் போயிற்று.

"அடுத்த வருசம் பாருடி! என் காலைப் பார்த்து ஊரே என்னைப் புனிதர், அர்ச்சியசிஷ்டவர்னு கும்பிடும்" என்று மனைவி கித்தேரியிடம் சபதம் போட்டார்.

சாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி முதல் நாற்காலியையும் வாங்கிவிட்டார். பெரிய வியாழனுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் பிறந்தது. அத்தனை நாளும் கால் தரையில் படக் கூடாதே! காலையில் சீயக்காய், மதியம் எலுமிச்சை, சாயங்காலம் நல்லெண்ணெய். கட்டிலைவிட்டு இறங்கினால் காலில் மரக்குறடு. அடேயப்பா, பச்சைப்பிள்ளையைக்கூட யாரும் இப்படிக் கவனிக்கமாட்டார்கள்.

முதல் வாரம் அருளாயியின் ஆடு குளத்துச் சேற்றில் சிக்கியது. "அண்ணே, ஒரு கை பிடிங்க!" என்று ஓடி வந்தாள்.

"பெரிய வியாழன் முடியட்டும் தாயி" என்றார். உப்பு விற்கிற சந்தியாகு இடுப்பளவு சேற்றில் இறங்கி ஆட்டைத் தூக்கினான்.

மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகால வலி. மருத்துவச்சியைக் கூட்டிவர முள்ளுக்காட்டைத் தாண்ட வேண்டும்.

"பெரிய வியாழன் முடியட்டுமே" என்றார். அடப் பாவி மனுசா, பிள்ளை காத்திருக்குமா? சந்தியாகுதான் ஓடினான்.

கடைசி வாரம் அருளாயியின் குடிசை எரிந்துபோனது. சுவர் வைக்க மண் மிதிக்க ஆள் தேவை. இஞ்ஞாசி வாயைத் திறக்குமுன்னே கித்தேரி, "தெரியும், தெரியும், பெரிய வியாழன் முடியட்டும்!" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தியாகுவோடு தானும் மண் மிதிக்கப் போய்விட்டாள்.

பெரிய வியாழனும் வந்தது. முதல் நாற்காலியில் இஞ்ஞாசி காலை நீட்டி உட்கார்ந்தார். சாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்து வெகுநாளாயிற்று; குனிந்து காலைத் தடவித் தடவிப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"சேசு மரி சூசை! இது யார் வீட்டுச் சாவு? செத்தவங்க காலைத்தானே இப்படிக் கழுவி எண்ணெய் பூசி வைப்பாங்க?"

கோவிலின் கூரை அதிரச் சிரிப்பு. இஞ்ஞாசிக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

சாமியார் தடவிக்கொண்டே கடைசி நாற்காலிக்கு வந்தார். சந்தியாகு சுவர் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். முழங்கால்வரை மண்.

"ஆகா, இது உயிருள்ள கால்!" என்று சாமியார் சந்தோசமாகத் தேய்த்தார். சந்தியாகு, "ஆத்தாடி!" என்று துள்ளினான்.

"சாமி, குதியில முள்ளு. மருத்துவச்சியைக் கூட்டப் போனப்ப ஏறினது."

"எனக்குக் கண் தெரியலையே. யாராவது எடுத்துவிடுங்கப்பா."

இஞ்ஞாசிக்கு நெஞ்சு சுருக்கென்றது. அது அவர் காலில் ஏறியிருக்க வேண்டிய முள். எழுந்துபோய், சிந்திக் கிடந்த சேற்றுத் தண்ணீரில் மண்டியிட்டார். சந்தியாகுவின் காலை மடியில் வைத்து நகத்தால் முள்ளைக் கிள்ளி எடுத்தார். அவர் கண்ணீர் அந்தக் காலில் விழுந்தது.

"மன்னிச்சிரு தம்பி. மிச்ச மண்ணை நான் மிதிக்கிறேன்."

பூசை முடிந்ததும் மரக்குறட்டைக் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு அருளாயி வீட்டுக்கு நடந்தார். மண்குழியில் அவர் இறங்கியதைப் பார்த்த கித்தேரி சொன்னாள்: "நாப்பது நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தாங்க உங்க காலைப் பார்க்க எனக்குப் பிடிச்சிருக்கு."

ஆகையால் மக்களே, அழுக்குப் படாமல் ஒதுங்கி இருப்பதல்ல, அடுத்தவர் கூப்பிட்ட குரலுக்கு அன்றே இறங்கிப் போவதுதான் பரிசுத்தம்.