ஆறாம் நாளின் இரட்டைப் பங்கு

ஒரு காட்டில், நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத காட்டில், ஓர் எறும்புப் புற்று இருந்தது. மணலும் முள்ளும் பாறையும்தான் அந்தக் காடு. வனாந்தரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் புற்றில் குஞ்சுகளை வளர்க்கும் பொறுப்பு செம்பி என்ற எறும்புக்கு. மொத்தம் இருநூறு குஞ்சுகள். ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் அவை தாங்காது. மழை பொய்த்து விதை கிடைக்காமல், போன வாரம்தான் முப்பது குஞ்சுகளை அவள் பறிகொடுத்திருந்தாள். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலையான இஸ்ரவேல் மக்கள் அந்த வழியாக வந்து கூடாரம் போட்டார்கள். மறுநாள் காலை பனி உலர்ந்ததும் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக, கொத்துமல்லி விதை அளவில் ஏதோ கிடந்தது. மக்கள் அதை மன்னா என்றார்கள். செம்பி ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்தாள். தேனாக இனித்தது.

அந்த மக்களை நடத்தி வந்த தலைவரின் கூடார வாசலில் ஒரு கழுதை கட்டிக் கிடந்தது. தலைவர் பேசிக் காதில் விழுந்ததைக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது அதற்கு. அது எறும்புகளிடம் சொன்னது: "இது ஆண்டவர் கொடுக்கும் உணவு. அவரவர் இன்றைக்கு வேண்டியதை எடுங்கள். நாளைக்கென்று வைக்காதீர்கள். வெயில் ஏறினால் உருகிவிடும், சீக்கிரம்."

எறும்பிடம் போய்ச் சேர்த்து வைக்காதே என்றால் கேட்குமா? களஞ்சியத்தின் கங்காணி கூரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் பெரிய அனுபவசாலி. பார்க்காததை நம்ப மாட்டான்.

"கழுதையா நமக்குக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொடுப்பது? அள்ளுங்கள் எல்லோரும்" என்றான். களஞ்சியம் கூரை வரை நிரம்பியது.

விடிந்தபோது களஞ்சியம் நாறியது. மன்னா முழுக்கப் புழு. அந்தப் புழுக்கள் குஞ்சுகளின் அறையை நோக்கி ஊர்ந்தன. செம்பியும் தோழிகளும் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டமாய் ஓடிக் காப்பாற்றினார்கள். கூரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றே அவன் ஒரு சட்டம் போட்டான். "இனி இந்தப் புற்றில் ஒரு துணுக்கு மன்னாகூட ராத்தங்கக் கூடாது."

அதன்பின் தினமும் மன்னா விழுந்தது, தினமும் எடுத்தார்கள், தினமும் தின்று தீர்த்தார்கள். குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

ஆறாம் நாள் காலை கழுதை வேறு மாதிரிச் சொன்னது. "இன்று இரண்டு பங்கு எடுங்கள். நாளை ஓய்வு நாள், மன்னா விழாது. இன்று வைப்பது கெடாது."

செம்பி உடனே தோழிகள் ஆறு பேரைக் கூப்பிட்டாள். கூரன் குறுக்கே வந்து நின்றான்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?"

"இரண்டு பங்கு எடுக்க, அண்ணே."

"பட்டது போதாதா உனக்கு? மன்னாவை வைத்தால் நாறும். நானே முகர்ந்து பார்த்திருக்கிறேன்."

"வைக்காதே என்று சொன்ன ஆண்டவர்தான் இன்று வை என்கிறார். அன்று அவர் சொன்னபடி நடந்ததா, இல்லையா?"

"நடந்தது" என்றான் கூரன் வேண்டாவெறுப்பாக.

"அப்புறம் இன்று மட்டும் எப்படி நடக்காமல் போகும்?"

கூரனுக்குக் கோபம் வந்தது. "வைத்துக்கொள். காலையில் நாறினால் நீ இந்தப் புற்றில் இருக்கக் கூடாது" என்றான்.

அந்த மணலில் தனியாகப் போன எறும்பு ஒரு பகல்கூடத் தாங்காது. அது செம்பிக்குத் தெரியும். ஆனாலும் "சரி அண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வெயில் ஏறுவதற்குள் ஏழு பேரும் இழுத்தார்கள், உருட்டினார்கள், தலையில் சுமந்தார்கள். ஒரு பங்கைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். மறு பங்கைச் செம்பி தன் அறையில் அடுக்கினாள். மற்ற எறும்புகளுக்கு ஒரே கேலி. "செம்பி, உனக்குக் காது நீண்டுகொண்டே போகிறதே, கவனித்தாயா?" என்றன. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள் காலை கூரன் ஐந்நூறு எறும்புகளோடு வழக்கம்போல வெளியே போனான். தரை வெறுந்தரையாகக் கிடந்தது. பாறை இடுக்கில் தேடினார்கள், முட்செடியின் அடியில் தேடினார்கள். கூடாரங்களிலிருந்து சில மனிதர்களும் கூடையோடு வந்து தேடிவிட்டு, தலையைக் குனிந்தபடி திரும்பினார்கள். கால் வெந்ததுதான் மிச்சம். இன்று குஞ்சுகள் செத்துப்போகும் என்று கூரனுக்குப் புரிந்தது. தன்னால்தான் சாகும் என்பதும் புரிந்தது.

அவன் நேராகச் செம்பியின் அறைக்கு ஓடினான். வாசலில் நின்று மூக்கை நீட்டி முகர்ந்தான். நம்பாமல் இன்னொரு தரம் முகர்ந்தான். தேன் வாசனை வந்தது. உள்ளே மன்னா நேற்று வைத்தபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் நடுவில் உட்கார்ந்து செம்பி குஞ்சுகளுக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் முகத்தில் பொங்கி வழிந்தது.

"ஒன்றுகூடக் கெடவில்லையா?" என்றான் கூரன்.

"ஒன்றுகூடக் கெடவில்லை, அண்ணே."

"சட்டம் போட்டேன். உன்னைத் துரத்துவேன் என்றும் சொன்னேன். எனக்கும் இந்தப் பசங்களுக்கும் ஒரு கடி கிடைக்குமா?"

"குஞ்சுகள் சாப்பிட்டது போக எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கடி வரும். ஆனால் ஒன்று. இன்று ஓய்வு நாள் என்று சொன்னாரே, தின்றுவிட்டு எல்லோரும் சும்மா உட்கார வேண்டும்."

"சும்மாவா? எறும்பா?"

"எறும்புதான்."

எல்லோரும் தின்றார்கள். தின்றுவிட்டு, உலகத்தில் எந்த எறும்பும் செய்யாத காரியத்தைச் செய்தார்கள். கால் ஆறையும் நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். சின்னதுகள் பாடத் தொடங்க, புற்று முழுவதும் சேர்ந்து பாடியது. எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவன் கூரன்தான்.

செம்பி குஞ்சுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. அதன்பிறகு அவளும் படுத்துக்கொண்டாள்.

நீதி: ஆண்டவரை நம்புகிறவர் வைக்காதே என்றால் வைக்கமாட்டார்; வை என்றால் வைக்கத் தயங்கமாட்டார்.