கரண்டி தெரியாதவன்

அமெரிக்காவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓர் ஊர். அங்கே அடிக்கிற வெயிலில் பல்லிக்கும் வியர்க்கும். நம்பாதவர்கள் போய்த் தொட்டுப் பார்க்கலாம். அந்த ஊரில் சின்னதாக ஒரு மடம் நடத்திவந்தார் வடிவாம்பாள் அம்மா. அவருடைய சீடன் சேந்தன், தலை நரைத்தவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தியை அளந்து சொல்வது அவன் உத்தியோகம். அவன் அளந்தால் அளந்ததுதான். தலைமையாசிரியருக்கே மறுபேச்சுக் கிடையாது.

ஒரு சாயங்காலம் அம்மா ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது சேந்தன் வந்தான். மரிசோல் என்கிற ஏழு வயதுப் பெண்ணைச் சோதித்த கதையைச் சொன்னான். பென்சிலைக் காட்டி இது என்ன என்று கேட்டானாம், வாயே திறக்கவில்லையாம். சீப்பைக் காட்டினானாம், தரையைப் பார்த்தாளாம். மந்தபுத்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை முதல் அவளைத் தனி வகுப்பில் உட்காரவைக்கப் போகிறார்கள்.

"பாஷை புரிந்திருக்காதோ?"

"அவள் வீட்டுப் பாஷையான ஸ்பானிஷில்தான் கேட்டேன் அம்மா. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பெரியவர் முன்னால் மரியாதையாக இரு என்று வாசலில் அவள் தாய் சொன்னதுகூடக் காதில் விழுந்தது." பிறகு வந்த காரியத்துக்கு வந்தான். "இப்படி மூடிக்கிடக்கிற புத்தியை எப்படித் திறப்பது?"

அம்மா ரசத்திலிருந்து கரண்டியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன?"

சேந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரண்டி என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பிரபஞ்சமோ? சூனியமோ? கரண்டி என்று உளறிவைத்து அசடாவானேன்? கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றான். ரசம் தரையில் சொட்டியது.

அம்மா உப்பு ஜாடியைக் காட்டினார். "இது?"

சேந்தன் தரையைப் பார்த்தான்.

"அடப் பாவமே. தலையெல்லாம் நரைத்துவிட்டது, உப்புகூடத் தெரியவில்லை."

"தெரியும் அம்மா." அவன் முகம் சுண்டிப்போயிற்று. "கேட்கிறது நீங்களாயிற்றே, எதற்குக் கேட்கிறீர்களோ என்றுதான் நான்..."

காதுமடல் ரசத்தைவிடச் சுட்டது. தரையில் சொட்டிக்கிடந்த ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலை நிமிராமலே சொன்னான்: "விடிந்ததும் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். அவளை மறுபடி உட்காரவைத்துக் கேட்கிறேன். என்ன கேட்கட்டும் அம்மா?"

அம்மா கரண்டியைக் கழுவி ரசத்துக்குள் விட்டார்.

"உனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால், அதைக் கேள்."