டர்போவின் காற்றாடி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் மரக்கடை தங்கப்பழம். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ ஒன்றை வாங்கி வந்து, நான் மெக்கானிக்காக இருந்த பட்டறையில் தன் பைக்கில் மாட்டச் சொன்னான்.

"இன்ஜினைத் திறந்து உள் அழுத்தத்தைக் குறைக்காம மாட்டினா பிஸ்டன் ஓட்டையாயிரும், அண்ணாச்சி."

"எட்டாங்கிளாஸ் தாண்டாத பயலுக்கு என்னலே யோசனை? இன்ஜினைத் தொடாம மாட்டு. நாளைக்கு வண்டி ஓடலைன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

பட்டறை முதலாளியும் தலையாட்டினார். மாட்டினேன்.

மறுநாள் தங்கப்பழம் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கூட்டத்தின் முன்னால் கத்தினான்: "பறக்குலே! எங்கலே ஓட்டை?"

கழற்றிய சாமானைப் பையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். கொடுத்தேன்.

"என்னலே இது?"

"டர்போவுக்குள்ள காத்தை அமுக்குற காற்றாடி, அண்ணாச்சி. இதைக் கழற்றிட்டுத்தான் மாட்டினேன். நீங்க பறந்தது பழைய இன்ஜின்லதான்."

தெருவே சிரித்தது. அன்றே என் வேலை போனது. வேறு ஆளை வைத்து அவன் அந்தக் காற்றாடியை மாட்டினான். மூன்றாம் நாள் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. என் கை பட்டுத்தான் கெட்டது என்று ஊரெல்லாம் சொன்னான். பதினோரு வருஷமாக என்னிடம் யாரும் வண்டி விடுவதில்லை.

"நீ சொன்னது சரி" என்ற ஒரு சொல்லை அவன் எனக்கு இன்னும் தரவில்லை.