காய்ச்சல் வந்த புதன்கிழமை

“இன்னிக்கு மடத்துக்குப் போகட்டுமா, வேண்டாமா?”

போர்வைக்குள் இருந்தபடி கேட்டார் ஆறுமுகநயினார். விடிந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி உலகம்மாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

“படுத்துக்கிடுங்க. அடுத்த வாரம் போனா ஆகாதா?”

“மடத்து அம்மை காத்திருப்பாங்களே.”

“அப்ப போங்க.”

“இருமிக்கிட்டே போய் அவங்களுக்கும் ஒட்ட வைக்கவா?”

“அப்ப படுங்க.”

போவதற்கும் நியாயம் இருந்தது, படுப்பதற்கும் நியாயம் இருந்தது. ஆனால் நயினார் தயங்கியது நியாயம் பார்த்து அல்ல. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆற்றங்கரை மடத்து நாச்சியாரம்மை மந்திரம் சொல்கிறவள் இல்லை. திருநீறும் கொடுப்பதில்லை. ஒரு கோரைப்பாயை விரித்து எதிரே உட்கார வைப்பாள். மனதில் கிடப்பதைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். அவ்வளவுதான் வைத்தியம். நயினாரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் அவர் புதன்கிழமை தவறாமல் எண்ணெய்க் கடையைப் பூட்டிவிட்டுப் போய், அவள் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார்.

அழுகை மகள் வடிவுக்காக.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவோம் என்றாள் உலகம்மாள். “சாதாரணக் காய்ச்சல்தான், விடிஞ்சதும் பாத்துக்கிடலாம்” என்றார் நயினார்.

விடிந்தபோது பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வடிவு என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. உலகம்மாள் அவரைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, முகம் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விடுவாள். வாய்விட்டுத் திட்டினால்கூட மனிதர் தாங்கியிருப்பார். இந்த மௌனத்தைப் பார்த்துத்தான் நடுங்கினார்.

போன புதன்கிழமை அம்மை சொல்லியிருந்தாள்.

“அண்ணாச்சி, வர்ற வாரம் மதினியையும் கூட்டிட்டு வாங்க. இங்க சொன்னதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லுங்க.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர், வீட்டில் மூச்சு விடவில்லை. இன்று உடம்பு அனலாய்க் கொதித்தது உண்மை. மனதுக்குள் ‘அப்பாடா’ என்று இருந்ததும் உண்மை.

“நான் போகலை,” என்றார் கடைசியில். “சாதாரணக் காய்ச்சல்தான். விடிஞ்சா...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். உலகம்மாள் சுவரைப் பார்த்தாள்.

“வைத்தியர் வீட்டுக்குப் போய் மருந்து வாங்கிட்டு வாரேன்,” என்றாள். “அப்படியே மடத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன். பாவம், காத்துக் கெடப்பாங்கல்லா.”

“நீ எதுக்கு உலகு...”

அவள் படி இறங்கிவிட்டாள்.

ஒரு வார்த்தை சொல்லப் போனவள் வெகுநேரம் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் நயினார். அம்மை அந்தப் பாயை விரித்திருப்பாளோ? இவள் உட்கார்ந்திருப்பாளோ? உட்கார்ந்தால் என்ன சொல்லுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பேசாமல் இருமிக்கொண்டாவது போய்த் தொலைந்திருக்கலாம் என்று நினைத்தார்.

உலகம்மாள் வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஒரு கையில் மருந்து. அக்குளில் சுருட்டிய கோரைப்பாய்.

நயினார் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பாயை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, மருந்தைக் குழைக்கப் போனாள்.

அந்த வாரம் முழுக்கப் பாய் அதே மூலையில் நின்றது. அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை பிறந்தது. காய்ச்சல் போய்விட்டது. வேறு சாக்கு எதுவும் அகப்படவில்லை. நயினார் மடத்துக்குப் போனார், தனியாகத்தான்.

அம்மை வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“உடம்பு தேவலையா, அண்ணாச்சி?”

“தேவலை. போன வாரம் நான் வந்திருக்கணும்மா.”

“காய்ச்சல்காரர் படுக்கத்தான் செய்யணும். அதுல ஒரு தப்பும் இல்லை.”

“வேணும்னே வரலைம்மா. காய்ச்சல் இல்லைன்னாலும் வந்திருக்க மாட்டேன்.”

“தெரியும்.”

நயினார் உட்கார இடம் பார்த்தார்.

“பாய் எங்கம்மா?”

“உங்க வீட்டுலதான் இருக்கு.”

“அவ என்ன சொன்னா?”

“இத்தனை நாளா நீங்க சொன்னதை அவங்ககிட்ட நான் சொன்னேனா?”

“இல்லை.”

நயினார் வெறுந்தரையிலேயே அவள் எதிரே உட்கார்ந்தார்.

“எல்லாத்தையும் சொல்ல வேண்டாம்மா. என்னைக் குத்தம் சொன்னாளா? அதை மட்டும் சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கேன்.”

அம்மை எழுந்து வாசலுக்குப் போனாள். உள்ளே பார்த்துக் கிடந்த அவருடைய செருப்புகளைக் கையால் எடுத்து, ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

பதறிப்போனார் நயினார். “என்னம்மா இது, என் செருப்பைப் போய்...”

“மாட்டிக்கிடுங்க, அண்ணாச்சி.”

கடைப்பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு நடந்தார். வழியில் யாரோ நலம் விசாரித்தார்கள். காதில் விழவில்லை.

வீட்டில் அந்தப் பாய் விரித்துக் கிடந்தது. ஒரு ஓரத்தில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

நயினார் உட்கார்ந்தார். அம்மை முன்னால் அத்தனை சுலபமாக வந்த வார்த்தை இங்கே வர மறுத்தது.

“உலகு.”

“சொல்லுங்க.”

“வடிவு...”

பெயரைக் கேட்டதும் அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“வடிவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான்னு சொன்னது நான்தானே. விடிஞ்சதும் பாத்துக்கிடலாம்னு சொன்னது நான்தானே. நீ சொன்னப்பவே தூக்கிட்டுப் போயிருந்தா நம்ம பிள்ளை இருந்திருக்கும். நீ ஒருநாள் இதைக் கேட்டிருவேன்னு பயந்துதான் அங்க போய் அழுதேன். இப்பக் கேளு. என்ன வேணும்னாலும் கேளு.”

உலகம்மாள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

“அன்னைக்குக் காலையில தும்மிக்கிட்டே நின்ன பிள்ளையைப் பிடிச்சு, வேண்டாம் வேண்டாம்னு அழ அழத் தலைக்குத் தண்ணி ஊத்துனது நான்,” என்றாள். “நீங்க கேட்டிருவியளோன்னுதான் நானும் உங்க முகத்தைப் பாக்காமலே இருந்தேன்.”