செபஸ்தியாரின் கண்கள்

இத்தாலியில் ஒரு சிற்றூர். ஓவியர் தத்தேயோ இருபது வருடங்களுக்கு முன் வரைந்த புனித செபஸ்தியார் படம், மெழுகுவர்த்திப் புகையைத் துடைப்பதற்காகக் கோயிலிலிருந்து அவருடைய பட்டறைக்கே திரும்பி வந்திருந்தது. சீடன் நெல்லோ துடைத்தான். கொள்ளைநோய்க்குப் பிறகு பட்டறையில் மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அந்த நோய் அவனுடைய ஆறு வயது மகளையும் கொண்டுபோயிருந்தது. செபஸ்தியார் உடம்பில் தைத்த அம்புகள்தான் கொள்ளைநோய் என்பார்கள். நோய் வந்தால் அவரிடம்தான் போவார்கள். நெல்லோவின் மனைவி ஓர்சோலா ஒன்பது நாள் இந்தப் படத்தின் முன்னால் முழந்தாளிட்டுக் கிடந்தாள். பத்தாம் நாள் குழந்தையைப் புதைத்தார்கள்.

துடைக்கத் துடைக்க உடைந்த தூண் தெரிந்தது. ஏழு அம்புகள் தெரிந்தன. கீழ்மூலையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஊர் ஜனங்கள் கைகூப்பி நின்றார்கள். கடைசியில் புனிதரின் கண்கள் வந்தன. அவை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஐயா, இத்தனை பேர் காலடியில் கிடக்கிறார்கள். இவர் ஏன் கீழே பார்க்கவில்லை?"

தத்தேயோ படத்தின் அருகே வந்தார்.

கண்ணைக் கீழே திருப்பி வரைந்துவிடும்படி ஓர்சோலா கெஞ்சியதை நெல்லோ சொன்னான். ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் குழந்தையை விட்டிருக்க மாட்டார் என்று அவள் சொல்கிறாளாம். இனி வருகிற தாய்மாரையாவது அவர் பார்க்கட்டுமாம்.

தத்தேயோ மெல்லிய கத்தியை எடுத்துப் புனிதரின் வலது கண்ணைச் சுரண்டினார். சாயம் தூளாக உதிர்ந்தது. அடியில் இன்னொரு கண் இருந்தது. அது கீழே, கோயிலில் ஜனங்கள் முழந்தாளிடும் படி இருக்கும் பக்கம் நேராகப் பார்த்தது.

"முதலில் இப்படித்தான் வரைந்தீர்களா?"

"ஆமாம்."

"பிறகு ஏன் மாற்றினீர்கள்?"

"இதை வரைந்த வருடமும் நோய் வந்தது. என் இரண்டு மகன்களுக்காக அந்தப் படியில் நானும் கிடந்தேன். இரண்டு பேரும் போகிற வரைக்கும் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்."

நெல்லோ வெகுநேரம் அந்தக் கண்ணைப் பார்த்தான். பிறகு, ஓர்சோலாவிடம் என்ன சொல்வது என்று கேட்டான்.

தத்தேயோ தூரிகையை நனைத்து அவன் கையில் கொடுத்தார்.

"ஒன்றும் சொல்லாதே. கண்ணை மறுபடி மேலே திருப்பிவிடு. பார்த்திருந்தால் காப்பாற்றியிருப்பார் என்று அவள் இன்னும் நம்புகிறாள். அதையும் அவளிடமிருந்து எடுத்துவிடாதே."